நட்சத்திரக் குறி ஒன்று போதும்!

கொல்லிமலை செம்மேட்டிலிருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் வெளியிடவில்லை. நாலு பக்கக் கடிதம். மூன்று பக்கம் முழுக்க மிளகும் காப்பியும் சாமையும்தான். நாலாவது பக்கத்தில்தான் விஷயத்துக்கு வருகிறார்.

அவருடைய சுய உதவிக் குழுவில் 23 பெண்கள். விளைந்ததையும் வீட்டில் செய்ததையும் இன்டர்நெட்டில் ஒரு வெப்சைட் வைத்து விற்கிறார்கள். குழுவுக்குப் பொதுவாக ஒரு பெயர். அந்தப் பெயருக்கு முன்னால் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனியாக ஒரு சின்னப் பெயர். அதுதான் அவளுடைய கடை. மிளகு வேண்டுமென்றால் நேராக மிளகுக்காரியின் கடைக்கே போய் நிற்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு புதுப் பெயரையும் போட்டுக் கொடுக்க நாமக்கல்லில் இருக்கும் நாத்தனார் மகன் மனசு வைக்க வேண்டியிருக்கிறது. போன் செய்தால், "ஆகட்டும் அத்தை, ஞாயிற்றுக்கிழமை செய்துடறேன்" என்கிறானாம். ஞாயிறு போய் ஞாயிறு வருகிறது. 14 பேருக்குக் கடை திறந்தாச்சு. 9 பேர் காத்திருக்கிறார்கள். மிளகு காய்ந்து மூட்டையில் ஏறிவிட்டது. கடை திறக்காவிட்டால் வீட்டு வாசலுக்கு வரும் வியாபாரி சொன்ன விலைதான் விலை. புதுப் பெயர்கள் தாமாகவே உண்டாகிற மாதிரி செய்து வைக்க முடியாதா என்று கேட்கிறார்.

முடியும் சகோதரி. அதற்கு ஒரே ஒரு நட்சத்திரக் குறி போதும். எப்படி என்று சொல்கிறேன். கையில் ஒரு காகிதமும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

சப்டொமைன் என்றால் என்ன என்று மற்ற வாசகியர் கேட்கக்கூடும். கொல்லிமலைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்த மலையில் ஊராட்சிகளுக்கே 'நாடு' என்றுதான் பெயர். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று மொத்தம் 14. விலாசம் கேட்டால் "செம்மேடு, வாழவந்தி நாடு, கொல்லிமலை, நாமக்கல்" என்று சின்னதில் தொடங்கிப் பெரியதில் முடிப்பார்கள். இன்டர்நெட் விலாசமும் அப்படியே. கடைசியில் நிற்கும் 'இன்' என்பது இந்தியா. அதற்கு முன்னால் குழு காசு கொடுத்துப் பதிந்த பெயர், இது டொமைன். அதற்கும் முன்னால், ஒரு புள்ளி வைத்து நாமே சேர்க்கும் பெயர்தான் சப்டொமைன். கிளைப் பெயர் என்று வைத்துக்கொள்வோமே. 'மிளகு.உங்கள்பெயர்.இன்' என்றால் உங்கள் பெயருக்குள் மிளகு என்ற கிளை.

உங்களுக்கு இது பழகிய சங்கதிதான். நாமக்கல் மாவட்ட நிர்வாகத்தின் தளம் 'நாமக்கல்.நிக்.இன்' என்று இருக்கிறதே, அது தேசிய தகவலியல் மையத்தின் பெயருக்குள் ஒரு கிளை. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் ஒரு பெரிய பெயருக்கு முன்னால் இரண்டே எழுத்துச் சேர்த்த கிளைதான். பிளாக்ஸ்பாட்டில் சமையல் குறிப்பு எழுதிய சகோதரிகள் எத்தனை பேர்! அங்கே பெயரைத் தட்டிய நிமிஷமே உங்கள் பக்கம் திறந்ததே, யாராவது ஒரு பையன் உட்கார்ந்து அதைப் போட்டுக் கொடுத்தானா என்ன? அத்தனையும் தானாக நடந்ததுதான். அந்த வித்தையைச் சின்ன அளவில் நம் குழுவுக்கும் செய்துகொள்ளலாம்.

பெயருக்காகப் போன் போட்டுக் காத்திருந்தது நம் செம்மேட்டுச் சகோதரி மட்டுமல்ல. கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்த புதிதில், அத்தனை கம்ப்யூட்டர்களின் பெயரும் எண்ணும் ஒரே பட்டியலில் இருந்தன. அதைக் காத்து வந்தது கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஓர் அலுவலகம். 1972 முதல் 1989 வரை அதற்குத் தலைமை வகித்தவர் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணி. புதுக் கம்ப்யூட்டரின் பெயர் பட்டியலில் ஏற வேண்டுமானால் ஆபீஸ் நேரத்தில் அங்கே போன் செய்து சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக அது கட்டுப்படியாகவில்லை. 1983-ல் பால் மொகாபெட்ரிஸ் என்பவர் டி.என்.எஸ். என்ற புதிய முறையை வகுத்தார். ஒரு பெயர் உங்களுடையது என்றால் அதற்குக் கீழே எத்தனை கிளை வேண்டுமானாலும் நீங்களே வைத்துக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. இதுதான் அதன் சாரம். இந்த உரிமை 40 வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. நம் சகோதரி இன்னும் நாமக்கல்லுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்!

இனி நட்சத்திரத்துக்கு வருவோம். டி.என்.எஸ். என்பது பெயர் எதிரே எண் எழுதிய பேரேடு. 'மிளகு' என்று யாராவது கேட்டால் 'இன்ன எண்ணுள்ள சர்வருக்குப் போ' என்று அது வழி சொல்லும். பேரேட்டில் இல்லாத பெயரைக் கேட்டால் 'அப்படி ஒருவரும் இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடும். அதனால்தான் புதுப் பெண் சேரும்போதெல்லாம் ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் பெயர் எழுதும் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் போட்டு, எதிரே சர்வரின் எண்ணை எழுதிவிட்டால், 'இதில் இல்லாத எந்தப் பெயரைக் கேட்டாலும் இங்கே அனுப்பு' என்று அர்த்தம். 1987-ல் வெளியான டி.என்.எஸ். விதிகளிலேயே இது இருக்கிறது. புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை.

இதற்கு ஒரு விதி உண்டு. பேரேட்டில் ஏற்கெனவே தனியாக எழுதியிருக்கும் பெயரை நட்சத்திரம் தொடாது. 'மெயில்' என்று தனி வரி இருந்தால் தபால் பழையபடி அங்கேயே போகும், பயமில்லை. ஆனால் நாத்தனார் மகன் முன்பு போட்ட 14 பெயர்களும் தனி வரிகள்தானே? அவையும் பழைய இடத்திலேயே நிற்கும். புது ஏற்பாட்டுக்குள் அவற்றைக் கொண்டுவர வேண்டுமானால், முதலில் அந்தக் கடைகளின் படம், விலைப்பட்டியல் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாகப் பழைய வரியை நீக்க வேண்டும். அவசரப்பட்டு 14 பெயரையும் ஒரே நாளில் நீக்காதீர்கள். ஒன்றை மாற்றி, கடை சரியாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.

செய்முறை. ஹோஸ்டிங் கணக்கில் பெரும்பாலும் 'சி-பேனல்' என்ற கட்டுப்பாட்டுப் பலகை இருக்கும். அதில் 'டொமைன்ஸ்' என்ற இடத்துக்குப் போய்ப் புது டொமைன் சேர்க்கும் பொத்தானை அமுக்குங்கள். பெயர் கேட்கும் இடத்தில் நட்சத்திரக் குறி, புள்ளி, அதன்பின் உங்கள் டொமைன் பெயர். 'டாக்குமென்ட் ரூட்' என்று கேட்கும். குழுவின் வெப்சைட் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அதையே கொடுங்கள். ஆச்சு! டி.என்.எஸ். பேரேடும் அதே கம்பெனியிடம் இருந்தால் நட்சத்திர வரி தானாகவே ஏறிவிடும். பெயரை ஒரு கம்பெனியிலும் இடத்தை இன்னொரு கம்பெனியிலும் வாங்கியிருந்தால், பேரேடு யாரிடம் இருக்கிறது என்று பார்த்து, அங்கே போய் நட்சத்திர வரியை நீங்களே எழுத வேண்டும். நிறையப் பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். எல்லாம் சரியாகச் செய்தும் கடை திறக்கவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். மலிவு விலைக் கணக்குகள் சிலவற்றில் நட்சத்திரத்தை அனுமதிப்பதே இல்லை. பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்வது உத்தமம்.

வரி எழுதுவதற்கு முன்பே "வருகிறதா பார்ப்போம்" என்று புதுப் பெயரைத் தட்டிப் பார்க்காதீர்கள். 'இல்லை' என்ற பதிலை வழியிலுள்ள கம்ப்யூட்டர்கள் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்துக்கொள்ளும். பிறகு வரி ஏறினாலும் பழைய பதிலையே சொல்லி உங்களைக் குழப்பும்.

இதுவரை செய்தது வழியைத் திறந்ததுதான். எந்தப் பெயரைச் சொல்லி வந்தாலும் ஆள் வாசலுக்கு வந்துவிடுவார். வந்தவரை எந்த அறைக்கு அனுப்புவது? வரும்போதே பிரவுசர் 'நான் மிளகைத் தேடி வந்தேன்' என்று சர்வரிடம் சொல்லிவிடும். அதைப் பார்த்து உரிய கடையைத் திறந்து காட்ட உள்ளே ஒரு மென்பொருள் வேண்டும். புதிதாக எழுத வேண்டியதில்லை. வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளில் 2010 முதல் 'மல்டிசைட்' என்ற வசதி உண்டு. ஒரே நிறுவலில் பல கடை. நிறுவும்போது 'சப்-டொமைன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொடங்குவதற்கு 'டபிள்யூ.பி. கான்ஃபிக்' என்ற ஃபைலில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த ஒரு வேலைக்கு நாத்தனார் மகனை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள், தப்பில்லை. வந்தால் பலாச்சுளையும் காப்பியும் கொடுத்து, வேலை முடிகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்!

அதற்கப்புறம் ஒரு பெண் குழுவில் சேர்ந்தால், உள்நுழைந்து தன் கடைப் பெயரைத் தட்டினால் போதும். அந்த நிமிஷமே கடை திறந்துவிடும். கடைப் பெயருக்குக் குறைந்தது 4 எழுத்து வேண்டும். ஆங்கிலச் சிற்றெழுத்தும் எண்ணும்தான் ஏற்கும், வெறும் எண் மட்டும் ஆகாது.

வேறொரு வழியும் இருக்கிறது. நட்சத்திரம் இல்லாமல், ஒரு புரோகிராம் தானே சி-பேனலுக்குள் போய் ஒவ்வொரு கிளைப் பெயரையும் உண்டாக்கும்படி எழுதலாம். அதற்கு அந்தப் புரோகிராமிடம் ஒரு ரகசியச் சாவியைக் கொடுத்து வைக்க வேண்டும். அந்தச் சாவி களவு போனால் கணக்கு முழுவதும் போச்சு. 23 கடைக்கு இந்த வம்பு எதற்கு? எனக்கு உடன்பாடில்லை.

இனி கொஞ்சம் ஜாக்கிரதை விஷயங்கள்.

பிரவுசரில் விலாசத்தோடு ஒரு பூட்டு அல்லது அதைப் போன்ற அடையாளம் இருக்கும். அது இல்லாவிட்டால் 'பாதுகாப்பற்ற தளம்' என்று எச்சரிக்கை வரும். சென்னையில் உட்கார்ந்து மிளகு வாங்க நினைத்தவர் அப்படியே பின்வாங்கிவிடுவார். இதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு இலவசமாகவே தருகிறது. ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாக வாங்கினால் மாளாது. ஒரு டொமைனுக்கு வாரத்துக்கு இத்தனைதான் என்று அங்கே வரம்பும் உண்டு. 2018 மார்ச்சிலிருந்து அவர்கள் நட்சத்திரச் சான்றிதழும் கொடுக்கிறார்கள். ஒன்று வாங்கினால் எல்லாக் கிளைக்கும் ஆகும். ஆனால் அது ஒரு படிக்குத்தான். மிளகுக்கும் முன்னால் இன்னொரு புள்ளி வைத்துக் 'கருமிளகு' என்று சேர்த்தால் செல்லாது. முன்னால் ஒன்றுமே இல்லாத உங்கள் மூலப் பெயரையும் அது மூடாது. ஆகவே விண்ணப்பிக்கும்போதே நட்சத்திரம் போட்டது, போடாதது என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். இந்தச் சான்றிதழ்களுக்கு ஆயுள் குறைவு. 90 நாள் என்றிருந்தது, மேலும் குறைந்துகொண்டு வருகிறது. நட்சத்திரச் சான்றிதழைப் புதுப்பிக்க ஒவ்வொரு முறையும் டி.என்.எஸ். பேரேட்டில் ஒரு ரகசிய வரி எழுதி, பெயர் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டும். இது தானாக நடக்குமா, நாம் கையால் எழுத வேண்டுமா என்று ஹோஸ்டிங் கம்பெனியிடம் கேட்டுவிடுங்கள். கையால்தான் என்றால் காலண்டரில் குறித்து வைக்க வேண்டியதுதான், பிள்ளைக்குத் தடுப்பூசித் தேதி குறிக்கிற மாதிரி.

நட்சத்திரம் வெகுளி. யார் எந்தப் பெயரைச் சொன்னாலும் வா என்று உள்ளே அழைத்துவிடும். ஒரு விஷமி உங்கள் டொமைனுக்கு முன்னால் வாய்க்கு வந்த ஏதோ ஒரு அசிங்கமான வார்த்தையைச் சேர்த்து விலாசமாக அனுப்பினால், அதிலும் உங்கள் பக்கமே திறக்கும். ஆகவே உள்ளே ஒரு பட்டியல் இருக்க வேண்டும். பட்டியலில் உள்ள பெயருக்குக் கடை. இல்லாத பெயருக்கு 'அப்படி ஒரு கடை இல்லை' என்ற பதில். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அர்த்தமே இல்லாத ஒரு பெயரைத் தட்டிப் பாருங்கள். கடையோ முகப்புப் பக்கமோ திறந்தால் இன்னும் வேலை பாக்கி. புதுக் கடை திறக்கும் உரிமையையும் ஊரில் உள்ள எல்லோருக்கும் விட்டுவிடாமல், உள்நுழைந்த அங்கத்தினருக்கு மட்டும் என்று வையுங்கள். 'வங்கி', 'பேமென்ட்', 'அட்மின்', 'லாகின்' போன்ற பெயர்களை யாருக்கும் கொடுக்காதீர்கள். உங்கள் நல்ல பெயருக்குப் பின்னால் ஒளிந்து பணம் பறிக்க வருகிறவன் முதலில் கேட்பது அப்படிப்பட்ட பெயரைத்தான்.

இதைவிட முக்கியமான ஒன்று. கடிதத்தைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது அதனால்தான். டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று அவர் எழுதவே இல்லை! போட்டுக் கொடுத்த பையனின் ஈமெயிலிலும் போன் நம்பரிலுமே அது பதிவாகியிருந்தால்? அவன் நல்ல பையன்தான். ஆனால் நாளைக்கு வேலை கிடைத்துத் துபாய்க்கோ பெங்களூருக்கோ போவான், நம்பரை மாற்றுவான். டொமைனுக்கு வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும், வேண்டுமானால் 10 வருஷம் வரை முன்கூட்டியே கட்டலாம். கெடு நெருங்கும்போது வரும் ஞாபகக் கடிதம் அவனுடைய பழைய ஈமெயிலில் போய் விழும். கெடுவும் தாண்டி, மீட்டுக்கொள்ளக் கொடுக்கும் காலமும் தாண்டிவிட்டால், அந்தப் பெயரை உலகத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். மூலப் பெயர் போனால் 23 கிளையும் சேர்ந்தே போகும். மிளகுப் பையில் அச்சடித்த விலாசம், வாடிக்கைக்காரர் மனசில் பதிந்த பெயர், எல்லாம் வேறொருவர் கைக்கு.

எனவே, நட்சத்திரம் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. குழுவின் பெயரில் ஒரு ஈமெயில் தொடங்கி, டொமைன், ஹோஸ்டிங் இரண்டையும் அதற்கு மாற்றுங்கள். ஓ.டி.பி. வரும் போன் தலைவியிடமோ செயலாளரிடமோ இருக்கட்டும். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, மூடி ஒட்டிய கவரில் வைத்து, வங்கிப் பாஸ்புத்தகம் இருக்கிற பெட்டியிலேயே பூட்டுங்கள். பொறுப்பாளர் மாறும்போது சாவியோடு பாஸ்வேர்டும் மாற வேண்டும். பையனிடம் இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறதா? "கணக்குத் தணிக்கைக்கு வேணும் தம்பி" என்று சொல்லிக் கேளுங்கள். அதில் பொய்யும் இல்லை.

கொல்லிமலையில் சாமையும் தினையும் பனிவரகும் தலைமுறை தலைமுறையாக விளைந்தவை. நடுவில் மரவள்ளி வந்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு மூட்டை மூட்டையாக இறங்க ஆரம்பித்ததும், சிறுதானியம் ஓரம் கட்டப்பட்டது. உரலில் இடித்துக் கை காய்த்துப்போன பெண்களும் அதை விடத்தான் நினைத்தார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அங்கே சுய உதவிக் குழுக்களோடு சேர்ந்து விதையைக் காப்பாற்றி, தோல் நீக்கும் இயந்திரங்களை ஏற்பாடு செய்து, சந்தைக்கும் வழி காட்டினார்கள். இயந்திரம் குழுவின் கையில் இருந்ததால் பெண்களின் பாடு குறைந்தது. வெப்சைட்டையும் அந்த இயந்திரம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் சகோதரி. 70 கொண்டை ஊசி வளைவுக்கு அப்பால் மழையில் கரண்ட் போய்விட்டாலும் கடை மூடாது. அது இருப்பது எங்கோ ஒரு சர்வரில் அல்லவா? கரண்ட் வந்ததும் ஆர்டரைப் பார்த்துக் கட்டி அனுப்பலாம். தின்பண்டம் விற்கிறவர்கள் கடைப் பக்கத்தில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவெண்ணையும் போட்டுவிடுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கிறார். கிளைப் பெயரைத் தமிழிலேயே வைக்கலாமா? வைக்கலாம். கம்ப்யூட்டர் அதை உள்ளே ஆங்கில எழுத்தும் எண்ணும் சிறுகோடும் கலந்த ஒரு நீண்ட பெயராக மாற்றிக்கொள்ளும், நட்சத்திரம் அதற்கும் வழி சொல்லும். ஆனால் வேர்ட்பிரஸில் அங்கத்தினர் தாமே தட்டும் இடத்தில் அந்தச் சிறுகோட்டை ஏற்காது. தலைவி தன் நிர்வாகப் பக்கத்திலிருந்து, மாற்றிய வடிவத்தைச் சேர்க்க வேண்டியிருக்கும். செல்போனில் பகிரும்போது சில சமயம் தமிழுக்குப் பதில் அந்தக் கோணல் மாணல் எழுத்தே தெரியும், வாங்குகிறவர் மிரண்டு போவார். தற்சமயம் ஆங்கில எழுத்தில் 'மிளகு' என்று விலாசத்தை வைத்துக்கொண்டு, கடைப் பலகையில் கொட்டை எழுத்தில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.